புளி, தக்காளி, மிளகாய் இல்லாமல் ருசியான குழம்பு எப்படி?

கேள்வி: சிறுநீர்ப்பை எரிச்சல் உள்ளவருக்குப் புளி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஆகவில்லை. பருப்புக் கூட்டு சப்பென்று இருக்கிறது. உப்பைக் கூட்டியும் எடுபடவில்லை.

பதில் 1: குறை உப்பில் இல்லை, வறுப்பில். நான்கு பேருக்குக் கால் கப் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, 2 கப் மஞ்சள் பூசணியுடன் குக்கரில் 3 விசில் விடுங்கள். கால் மூடித் தேங்காய், 1 தேக்கரண்டி சீரகம் அரைத்து ஊற்றி, ஓரம் நுரைத்ததும் இறக்குங்கள். நெடுநேரம் கொதித்தால் தேங்காய் திரிந்துவிடும். நெய்யில் சீரகம், பெருங்காயம், நிறையக் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடுங்கள். வாசனை அதில்தான் நிற்கும்.

பதில் 2: புளிக்குப் பதில் எலுமிச்சை, மாங்காய்த்தூள், குடம்புளி என்று போகாதீர்கள், எல்லாமே அமிலம்தான். தக்காளியின் நிறத்துக்கும் கெட்டிக்கும் 1 கேரட்டுடன் ஒரு சிறு துண்டு பீட்ரூட் வேகவைத்து அரைத்தால் போதும். பீட்ரூட் கூடினால் இனிப்பு தூக்கலாகிவிடும். தக்காளியில் சமையல் சோடா போடும் யோசனை எனக்கு உடன்பாடில்லை: புளிப்பு குறையும், ஆனால் சோப்பு வாடை வரும், எரிச்சல் நிற்கும் என்ற உறுதியும் இல்லை.

கேள்வி கேட்டவர்: மிளகு?

பதில் 2: மிளகாயின் காரம் வேறு, மிளகின் காரம் வேறு. ஆனாலும் சிலருக்கு மிளகும் ஆகாது. கால் தேக்கரண்டியில் தொடங்கி 3 நாள் பாருங்கள். அந்த 3 நாளும் வேறு புதிய பொருள் எதுவும் வேண்டாம்; இல்லாவிட்டால் எது படுத்தியது என்றே தெரியாது.

பதில் 3: மோர்க்குழம்பு வேண்டுமென்றால் அன்று உறைந்த, புளிக்காத தயிர் மட்டும். அதுவும் கொஞ்சமாக.