பின் ஆக்சிலில் ‘உய்ங்’ சத்தம்: கிரவுன் பினியன் செட்டையே மாற்றணுமா?

கேள்வி (தொண்டி):
வணக்கம் அண்ணன்மாரே. பின்சக்கர டிரைவ் டீசல் பிக்கப், மீன் லோடு ஓட்டுகிறேன். இங்கே கரையோரம் ஆழம் இல்லாததால் வண்டியைப் பின்பக்கமாகத் தண்ணீரில் இறக்கி, வத்தையிலிருந்து (சின்னப் படகு) நேராகப் பெட்டி ஏற்றுவோம். இப்போது வேகம் 50-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ‘உய்ங்’ என்று இழுக்கிறது. பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், “கிரவுன் பினியன் செட் போச்சு, மாத்திரு” என்றார்கள். இன்ஜின் சுற்றைப் பின்சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி அது, பெரிய செலவு. உண்மையிலேயே போய்விட்டதா?

பதில் (ராமநாதபுரம்):
தம்பி, அவசரப்பட்டு மாற்றாதே. தேவிபட்டினம் தாண்டி ஈ.சி.ஆரில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து 60-இல் போ. நாலாவது கியரிலும் அஞ்சாவதிலும் அதே வேகத்தில் சத்தம் ஒரே சுருதியில் இருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் காரணமில்லை. ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால் சக்கரத்தைத் தாங்கும் ஹப் பேரிங். அது ‘உய்ங்’ என்று வராது, ‘கொர்’ரென்று வரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா?

கேள்வி கேட்டவர்:
ரெண்டு கியரிலும் ஒரே சுருதிதான். மிதித்தாலும் வருகிறது, விட்டாலும் லேசாக இருக்கிறது. வளைவில் மாற்றமில்லை.

பதில் (ராமநாதபுரம்):
மிதிக்கும்போது மட்டும் என்றால் கிரவுன் (ஜோடியில் பெரியது) பல்லைச் சந்தேகப்படலாம். ரெண்டிலும் வருவதால் முதல் சந்தேகம், சின்னப் பல்சக்கரமான பினியனைத் தாங்கும் பேரிங்தான். ஆக்சிலில் ஆயில் ஊற்றும் பில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார். ஆயில் விளிம்பு வரை நிற்கணும்.

பதில் (மண்டபம்):
நடுவில் வருகிறேன். ஓடி வந்த சூட்டில் ஆக்சில் ஹவுசிங் (வெளிக்கூடு) தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கி) அடைத்திருந்தால், அந்த இழுப்பில் சீல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். எங்கள் பக்கத்து லோடு வண்டிகளில் இதைத்தான் நிறையப் பார்க்கிறேன். ஆயிலை இறக்கிப் பாருங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்தும் பாருங்கள்: நைசான பசை போன்ற தூள் என்றால் பயமில்லை, சில்லு சில்லாக இரும்பு வந்தால் கவலைப்படணும்.

கேள்வி கேட்டவர்:
இறக்கினேன். மோர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. பிரீதர் மூடி சேறும் உப்புமாக இறுகி, அசையவே இல்லை. வேறு பட்டறையில் பிரித்ததில் பினியன் பேரிங் ஓட்டப்பாதையில் துருப்புள்ளி. கிரவுன் பல் சுத்தம். பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றச் சொல்லவா?

பதில் (ராமநாதபுரம்):
சொல்லு. கவனம் ஒன்று இருக்கிறது: பினியன் நட்டைக் கைக்கணக்கில் இறுக்க விடாதே. பல ஆக்சில்களில் உள்ளே நசுங்கும் ஸ்பேசர் இருக்கும். அதைப் புதிதாகப் போட்டு, பினியன் சுற்றும் இறுக்கத்தை அளந்து வைக்கணும். கூடினால் புது பேரிங்கும் சூடேறிச் சீக்கிரம் போகும். ஆயில், கம்பெனிக் கையேட்டில் இருக்கும் கிரேடு, பெரும்பாலும் ஜிஎல்-5. கடையில் ஜிஎல்-4 நீட்டினால் வாங்காதே, கிரவுன் பினியனில் இருக்கும், உரசிச் சுற்றும் ஹைபாய்டு பல்லுக்கு அது போதாது.

பதில் (மண்டபம்):
புது ஆயிலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அதையும் இறக்கிவிடுங்கள். ஓரத்தில் தங்கிய தண்ணீர் அப்போதுதான் வெளியே வரும். பிரீதருக்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி, சேஸிஸ் மேலே ஏற்றிக் கட்டினால் தண்ணீரில் இறக்கினாலும் தொல்லையில்லை.

கேள்வி கேட்டவர்:
பேரிங் மாற்றியாச்சு, 70-இல் போனாலும் சத்தம் இல்லை. டியூப் மட்டும் பாக்கி. டீசல் ரிட்டர்ன் டியூப் தாங்குமா?

பதில் (மண்டபம்):
தாங்கும். கிளிப் மட்டும் ஸ்டெயின்லெஸ் போடுங்கள், சாதாக் கிளிப் நம்ம காற்றில் நிற்காது.