சின்ன கிராங்க் புல்லி: எட்டு மாத அனுபவம்

2002 ஹோண்டா சிட்டி விடெக், 106 குதிரைத்திறன். அது போதாமல், கிராங்க் ஷாஃப்ட் முனையில் பெல்ட்டைச் சுற்றுகிற கம்பெனி புல்லியைக் கழற்றிவிட்டு, அளவில் சின்னதாக அலுமினியத்தில் கடைந்த அண்டர்டிரைவ் புல்லி மாட்டினேன். பெல்ட்டில் ஓடுகிற ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிப்பது), ஏசி கம்ப்ரசர் எல்லாம் மெதுவாகச் சுற்றினால் இஞ்சின் சக்தி மிச்சமாகும் என்பது கணக்கு. கிராங்க் போல்ட்டைக் கழற்றவே அரை நாள் போனது. ஹோண்டாவில் அது எவ்வளவு இறுக்கம் என்று கைவைத்தவர்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் சந்தோஷம்தான். எடை குறைந்ததால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் ஆர்பிஎம் சட்டென்று ஏறியது. அப்புறம் மே மாதம் வந்தது. கத்திப்பாராவில் இரவு நெரிசல், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடுகிறது. வண்டி நின்றதும், முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் விழுந்திருந்த என் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது. லேசாக மிதித்தால் மறுபடி வெளுத்தது. ஏசியில் வெறும் காற்று. வீட்டுக்கு வந்து அதே லோடில், ஐட்லிங்கில், பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.2 வோல்ட். சார்ஜ் ஏறவே இல்லை.

புல்லி 20 சதவீதம் சின்னது என்றால் ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரசரும் 20 சதவீதம் மெதுவாகச் சுற்றும். ஆனால் ஹெட்லைட் கேட்கிற மின்சாரம் குறையாதே! அதே மின்சாரத்தை மெதுவாகச் சுற்றிக் கொடுக்க, ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்; இஞ்சினுக்குச் சுமை ஏறக்குறைய அதேதான். மிச்சமாவது கொஞ்சம் உராய்வும் காற்றுத் தடையும் மட்டும்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது கழற்றி வைத்த பழைய புல்லிதான். நடுப்பகுதிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஒரு ரப்பர் வளையம். சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் நூலிழை அளவு முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த அதிர்வை விழுங்கத்தான் அந்த ரப்பர். நான் போட்டது ஒரே கட்டி அலுமினியம். எட்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். நாளை பழையதை மாட்டுகிறேன்.

— தம்பி, நான் கோவை கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவன். எங்கள் ரேஸ் கார் மாருதி எஸ்டீமில் ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓடும்போது இஞ்சின் 4,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பெல்ட்டில் ஓடுகிற வாட்டர் பம்ப்பின் வேகம் 20 சதவீதம் குறைந்தால் அது தின்கிற சக்தி ஏறக்குறையப் பாதியாகும். அங்கே இந்தப் புல்லிக்கு வேலை இருக்கிறது. அப்போதும் டாம்பர் (நீ சொன்ன அதிர்வு விழுங்கும் அமைப்பு) உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்கினோம். பழையதை மாட்டும் முன் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பார். வெளிவளையம் நகர்ந்திருந்தால் அதில் உள்ள டைமிங் குறியே (ஸ்பார்க் நேரம் சரிபார்க்கிற கோடு) தப்பாகக் காட்டும்.

— பார்த்தேன் அண்ணா, ஓரத்தில் வெடித்திருந்தது. புதிதாக கம்பெனி புல்லியே வாங்கி மாட்டிவிட்டேன். இன்று காலை ஏசி, ஹெட்லைட் போட்டு ஐட்லிங்கில் 13.9 வோல்ட்.