ஆஸ்திரேலியாவுக்குப் புதிதா? கடலில் கால் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

வீடு கிடைத்து, வேலை கொஞ்சம் பழகியதும் நம்மவர்கள் கிளம்புவது கடற்கரைக்குத்தான். போக வேண்டியதுதான், அவ்வளவு அழகு. ஆனால் கோடை வந்தால், ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன யாரோ ஒருவர் அலையில் போய்விட்டார் என்ற செய்தியையும் படிக்க நேர்கிறது. எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

மணலில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பது அங்கேதான். கொடி இல்லையா, மணலோடு நின்றுகொள்ளுங்கள். மெரினாவிலும் ஆபத்து உண்டு, ஆனால் அங்கே நம்மில் பலர் கால் நனைப்பதோடு சரி. இங்கே எல்லோரும் நீந்துவதைப் பார்த்து நாமும் உள்ளே போய்விடுகிறோம்.

என் முதல் கோடையில் நானும் ஏமாறப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடைகிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாகக் குளம் மாதிரி கிடக்கிறது. பிள்ளைகளை அங்கே இறக்கலாம் என்று செருப்பைக் கழற்றினேன். நடைக்கு வந்த ஒரு வயதான அம்மா வேகமாக வந்து தடுத்து, தண்ணீரைக் காட்டினார். கரையோரம் கிடந்த கடற்பாசித் துண்டு ஒன்று, கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதைத்தான் 'ரிப்' என்கிறார்கள். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அங்கே ஆழம் அதிகம், அதனால் அலை உடையாது, அமைதியாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் அது உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடுவதுதான் ஆபத்து. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கம் நீந்துங்கள்.

இன்னொருவர் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது நடக்கிறது. மிதக்கும் எதையாவது வீசிவிட்டு, இங்கே அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். 'எமர்ஜென்சி பிளஸ்' செயலி இருந்தால் நிற்கும் இடத்தைச் சொல்ல எளிது.

உயிர்காப்பாளர் விசில் ஊதினால் தவறாக நினைக்காமல் கரைக்கு வாருங்கள். சிட்னியின் பாண்டை கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று பேரலைகள் சுமார் 250 பேரை இழுத்துப் போயின. உயிர்காப்பாளர்கள் பாய்ந்து இறங்கியதால்தான் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அப்படியும் 5 பேர் இறந்தார்கள்.

அப்புறம், கடற்கரையிலிருந்து திரும்பும்போது ஊருக்கு வெளியே அந்தி நேரத்தில் கார் ஓட்ட வேண்டாம். கங்காரு சாலைக்கு வரும் நேரம் அது. குறுக்கே வந்தால் வண்டியைத் திடீரென ஒடிக்காமல் பிரேக் போடுங்கள். மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், இந்த வெயில் நம் நிறத்தையும் விடாது.

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தக் கடல் வேறு. பக்கத்து நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் குளங்களும் உண்டு, அம்மாவையும் கூட்டிப் போகலாம்.