தஞ்சோங் துவான் இறக்கத்துக்குக் கயிறு தேவை

வணக்கம். ரந்தாவ் தோட்டத்துப் பிள்ளைகள் 14 பேர் ஞாயிறு காலை போர்ட் டிக்சன் பக்கத்துக் கடலோரக் குன்றான தஞ்சோங் துவான் ஏறுகிறார்கள். கலங்கரை விளக்கம் வரை தார் ரோடு, அதில் கவலையில்லை. அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கும் காட்டுப்பாதைதான் சிக்கல். செங்குத்து, வேர்கள், மழை பெய்தால் மண் வழுக்கும்.

10 அல்லது 11 மில்லிமீட்டர் தடிமனில் ஸ்டாட்டிக் கயிறு (பாரம் விழுந்தாலும் அதிகம் நீளாதது), 30 மீட்டர், யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் கொடுங்கள். லோரியில் கட்டும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். வியர்வைக் கையில் நழுவும், உள்ளங்கையை உரித்துவிடும். வழியில் ஏற்கெனவே கட்டியிருக்கும் கயிற்றையும் நம்ப முடியாது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு விறைத்து, நார் பிரிந்திருந்தால் பாரம் தாங்காது. கயிற்றைக் கட்ட மரத்தைச் சுற்றும் அகலமான நாடா இரண்டும் வேண்டும், இல்லையென்றால் மரப்பட்டை உரிந்து மரம் பாழாகும்.

அண்மையில் போய் வந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்: இறக்கத்தில் மரம் விழுந்திருக்கிறதா? கீழே பாறையோரம் நடக்க நீர் எவ்வளவு வற்ற வேண்டும்?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ரப்பர் சப்பாத்து சொல்லியாயிற்று. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும், எல்லாம் முதுகுப்பைக்குள். சனிக்கிழமைக்குள் பதில் வந்தால் பெரிய உதவி.