டொரொன்டோ சொந்தக்காரங்களோட 12 டீம் பேன்டசி பேஸ்போல் லீக்: 11ஆவது இடத்துல இருந்து எப்படி எடுக்கிறது?

டிக்கோயா இடதுகை:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். டொரொன்டோவில இருக்கிற சொந்தக்காரங்க லீக்ல இந்த முறை எனக்கும் ஒரு டீம். 12 டீம், 5×5 ரோட்டோ (பேட்டிங்ல 5, பிட்சிங்ல 5 பிரிவு; ஒவ்வொண்ணுலயும் முதலாவதுக்கு 12, கடைசிக்கு 1 பாயின்ட்), ஸ்நேக் டிராஃப்ட் (ஆள் எடுக்கிற வரிசை ரவுண்டுக்கு ரவுண்டு திரும்பும்). ஆளுக்கு 23 பேர்: 14 பேட்டர் (அதுல 2 கேட்ச்சர், 5 அவுட்ஃபீல்டர்), 9 பிட்சர். லைன்அப் தினமும் மாத்தலாம். எனக்கு விழுந்தது 11ஆவது இடம். டிராஃப்ட் மார்ச் கடைசி வாரம், அவங்க நேரம் ஞாயிறு இரவு 8 மணி. கிரிக்கெட் பேன்டசி நல்லாப் பழக்கம், பேஸ்போல் ஆட்டமும் புரியும். முதல் ரெண்டு ரவுண்டுல பிட்சர் எடுக்கலாமா? குளோசர் (கடைசியில வந்து வெற்றியைக் காப்பாத்துற பிட்சர்) எப்ப? கேட்ச்சர் எப்ப? அங்க எல்லாரும் பல வருஷமா ஆடுறவங்க.

ஊவாக் காற்று:
தம்பி, முதல்ல உங்க பிக் (ஆள் எடுக்கிற முறை) இலக்கங்களை ஒரு தாள்ல எழுதுங்க: 11, 14, 35, 38, 59, 62, 83, 86. 14க்கும் 35க்கும் நடுவுல 20 பேர் போயிடுவாங்க. ஏடிபி (டிராஃப்ட்கள்ல சராசரியா எடுக்கப்படுற இடம்) 28ன்னு போட்டிருக்கிற ஆள் உங்களுக்குக் கட்டாயம் வேணும்னா 14லயே எடுத்தாகணும். "இவ்வளவு சீக்கிரமா?"ன்னு யார் கேட்டாலும் கேட்கட்டும், 35 வரைக்கும் அவர் இருக்க மாட்டார்.

இந்த இடத்துல ஒரு வசதியும் இருக்கு. உங்க 11க்கும் 14க்கும் நடுவுல எடுக்கப்போறது 12ஆவது டீம் மட்டும்தான். 35க்கும் 38க்கும் நடுவுலயும் அவரேதான், கடைசி வரைக்கும் இப்படியே. அதனால அவர் டீமைத் திறந்து வச்சுக்குங்க. அவர்கிட்ட ஏற்கனவே ரெண்டு கேட்ச்சர் இருந்தா, நீங்க பார்த்து வச்ச கேட்ச்சரை விட்டுட்டு முதல்ல பிட்சரை எடுக்கலாம். ரெண்டு பிக் கழிச்சு கேட்ச்சர் பெரும்பாலும் அப்படியே இருப்பார்.

முதல் ரெண்டுல ஒருத்தர் ஹோம் ரன், ஸ்டோலன் பேஸ் (ஸ்டீல்: பிட்சர் எறியும்போது ஓடிப் பிடிக்கிற பேஸ்) ரெண்டும் தர்ற பேட்டரா இருக்கட்டும். ஆனா ஸ்டீலுக்காக மட்டும் யாரையும் சீக்கிரம் எடுக்காதீங்க. 2023ல பேஸை 15 அங்குலத்துல இருந்து 18 அங்குலமாக்கி, பேஸ்ல நிக்கிறவரை அவுட்டாக்க பிட்சர் திரும்பித் திரும்பிப் பிக்-ஆஃப் எறியிறதுக்கும் வரம்பு போட்டாங்க. 2022ல மேஜர் லீக் முழுக்க 2,486 ஸ்டோலன் பேஸ், 2023ல 3,503, 2024ல 3,617. 20 ஸ்டீல் வச்சிருக்கிறவரு இப்ப பின் ரவுண்டுலயும் கிடைப்பார்.

பிட்சர்: 38க்குள்ள ஒரு ஏஸ் (முதல்தரப் பிட்சர்), அது போதும். முதல் நாலுல ரெண்டு பிட்சர் வேண்டாம், பிட்சருக்கு எப்ப காயம் வரும்னு சொல்ல முடியாது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023ல 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். அடுத்த வருஷம் ரெண்டே ஆட்டத்தோட முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போயிட்டார்.

கொட்டகலை ஸ்கோரர்:
ஊவா அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். பேட்டிங் ஆவரேஜை (ஹிட்டை அட்-பேட்டால, அதாவது பேட்டிங் முறைகளால வகுத்தா வர்றது) பலரும் சரியாக் கணக்குப் பார்க்கிறதில்லை. .200 அடிக்கிறவருன்னதும் ஓடிடுறாங்க, இல்லாட்டி ஆவரேஜை மொத்தமா மறந்துடுறாங்க.

கைல் ஷ்வார்பர் 2023: 47 ஹோம் ரன், 104 ஆர்பிஐ (தன் அடியால மத்தவங்களையும் சேர்த்து உள்ள கொண்டுவந்த ரன்), 108 ரன், ஆவரேஜ் .197. அதாவது 585 அட்-பேட்டுல 115 ஹிட். அதே அட்-பேட்டுல .265 அடிக்கிற ஒருத்தர் 155 ஹிட் எடுப்பார். வித்தியாசம் 40 ஹிட். உங்க 14 பேட்டரும் சேர்ந்து சீசனுக்கு 7,000 அட்-பேட்னு வைங்க. 40ஐ 7,000ஆல வகுத்தா கிட்டத்தட்ட .006. டீம் ஆவரேஜ் .262ல இருந்து .256க்கு இறங்கும். ரோட்டோவில அந்த ஆறு புள்ளிக்குள்ள மூணு நாலு டீம் நெருங்கி நிக்கும், ஆக மூணு நாலு பாயின்ட் போகலாம்.

இதை ஈடுகட்ட லூயிஸ் அராயஸ் மாதிரி ஒருத்தர். அதே 2023ல 574 அட்-பேட்டுல 203 ஹிட், .354. ரெண்டு பேரையும் கூட்டுங்க: 1,159 அட்-பேட், 318 ஹிட், .274. ஹோம் ரன் 57. ஆவரேஜ் தப்பிச்சிடுது, ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து மூணே ஸ்டீல். ஆகவே இந்த ஜோடியை எடுத்தா மிடில் இன்ஃபீல்டுல (செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப்) ஸ்டீலுக்கு ஓடுற ஆள் கட்டாயம் வேணும். ஒவ்வொரு பிக்குக்கும் இப்படி கூட்டிக்கிட்டே போங்க, ஒரு எக்செல் ஷீட் போதும்.

கொலராடோ பேட்டர்களை அவங்க சொந்த மைதானத்து எண்ணிக்கையை வச்சு மட்டும் எடுக்காதீங்க. அந்த மைதானம் இருக்கிற டென்வர் சுமார் 1,600 மீற்றர் உயரம், நம்ம நுவரெலியா 1,868. மெல்லிய காத்துல பந்து தூரம் போகும், கர்வ் பந்து சரியா வளையாது. வெளியூர் ஆட்டத்துல அதே பேட்டர் சாதாரண ஆளாயிடுவார். அந்த டீம் பிட்சர்களைத் தொடவே வேண்டாம்.

நானுஓயா விடியல்:
தம்பி, அண்ணன்மார் சொன்னது ரெண்டும் சரி. ஆனா அது டொரொன்டோவில உட்கார்ந்து டீம் நடத்துறவருக்கும் அப்படியே பொருந்தும். நாம இங்க இலங்கையில இருந்து நடத்துறோம், அதுக்கேத்த மாதிரி ஆள் எடுக்கணும்.

மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு அவங்க நேரத்துக்கும் நம்ம நேரத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். டொரொன்டோ, நியூயோர்க் பக்கம் 7.05க்குத் தொடங்கிற ஆட்டம் நமக்கு விடியக்காலை 4.35. லைன்அப் அறிவிப்பு அதுக்கு மூணு நாலு மணித்தியாலத்துக்கு முந்தி, அதாவது நடு இரவு தாண்டி 1 மணிக்கு. இடதுகை பிட்சர் வந்தா உட்கார வைக்கப்படுற பிளட்டூன் பேட்டரை அவங்க சாயந்தரம் மாத்திடுவாங்க, நீங்க தூக்கத்துல இருப்பீங்க. அதனால ஆட்டத் திறமை கொஞ்சம் குறைஞ்சாலும் தினமும் இறங்குற ஆளையே எடுங்க. பகல் ஆட்டம் 1.05ன்னா நமக்கு இரவு 10.35, அதைப் படுக்கிறதுக்கு முன்ன சரிபார்த்துடலாம்.

கேட்ச்சர் விஷயமும் இதுதான். 12 டீமுக்கு 24 கேட்ச்சர் வேணும், மொத்தமே 30 கிளப். கேட்ச்சர் வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு எடுப்பார், எந்த நாள்னு ராத்திரிதான் தெரியும். டிஎச் (பேட்டிங் மட்டும் செய்றவர்) இடத்துலயும் இறங்குற கேட்ச்சர் ஒருத்தரை 86க்குள்ள எடுங்க. ரெண்டாமவரைக் கடைசியில பார்க்கலாம்.

நமக்குச் சாதகமும் இருக்கு. கலிபோர்னியா ஆட்டம் முடியும்போது டொரொன்டோவில இரவு 1 மணி, நமக்குக் காலை 10.30. ஒரு குளோசருக்குக் காயம்னா அவங்க எழும்புறதுக்குள்ள அடுத்த ஆளை நீங்க எடுத்துடலாம். ஆகவே குளோசர் ஒருத்தரை மட்டும் நடு ரவுண்டுல எடுத்துட்டு, மத்தவங்களை சீசன்ல பிடிக்கலாம். இதுக்கு ஃப்ரீ ஏஜென்ட் (யார் டீம்லயும் இல்லாத ஆள்) எடுக்கிறது முந்தினவருக்கு முதல்ங்கிற விதியா இருக்கணும். ஏலமுறையா இருந்தா இந்தச் சாதகம் கிடையாது.

ஊவாக் காற்று:
அக்கா, ஒரு குளோசர்ங்கிறது எனக்குச் சம்மதமில்லை. சேவ்ல (குளோசர் காப்பாத்துற வெற்றி எண்ணிக்கையில) கடைசியானா கிடைக்கிறது 1 பாயின்ட். மத்த ஒன்பதுலயும் 10 எடுத்தாக்கூட 91தான் வரும், ஒன்பதுலயும் 10 எடுக்கிறது லேசு இல்லை. ஏப்ரல் முழுக்க ஒரே குளோசரோட இருந்தா பின்னால எட்டிப்பிடிக்கிறது கஷ்டம். 83, 86 அந்த ஜோடிக்குள்ள ரெண்டு பேர் இருக்கட்டும்.

டிக்கோயா இடதுகை:
ரொம்ப நன்றி. ஃப்ரீ ஏஜென்ட் முந்தினவருக்கு முதல்தான், விதியில பார்த்துட்டேன். இன்னொரு சிக்கல்: டிராஃப்ட் நமக்கு திங்கள் காலை 5.30. நான் 7 மணி பஸ்ஸுக்குப் போகணும். பாதியில விட்டா என்ன ஆகும்?

நானுஓயா விடியல்:
23 ரவுண்டு, 276 பிக். ஆளுக்குச் சராசரியா 30 செக்கன்னா ரவுண்டுக்கு 6 நிமிஷம், 7 மணிக்கு 15ஆவது ரவுண்டு முடிஞ்சிருக்கும். மிச்ச எட்டு ரவுண்டுக்கு போன்ல அப்ளிகேஷன் போட்டுக்குங்க. வளைவுகள்ல சிக்னல் விழும், நேரம் முடிஞ்சா லீக் நடக்கிற இணையதளம் தானாவே எடுத்துடும்.

அதுக்கு ரெண்டு வேலை முதல் நாளே செய்யணும். ஒண்ணு, தளத்தோட வரிசையில 60 நாள் காயப்பட்டியல்ல இருக்கிறவங்களையும் டாமி ஜான் (முழங்கை) அறுவைச் சிகிச்சை செஞ்சவங்களையும் எடுத்துடுங்க. பிட்சர் திரும்ப 12லிருந்து 18 மாசம் ஆகும், ஆனா பேர் பெரிசா இருந்தா தளம் அவரை எடுத்துக் கொடுத்துடும். ரெண்டாவது, வரிசைப் பட்டியல்ல 30 பேராவது போட்டு வைங்க. ஒரே பொசிஷனை அடுத்தடுத்து வைக்காதீங்க, இல்லாட்டி மூணு கேட்ச்சரோட பஸ்ஸை விட்டு இறங்குவீங்க. 6.55க்கு ஒரு தடவை பார்த்து, போனவங்க பேர் கழிஞ்சிருக்கா, இன்னும் எந்த இடம் காலின்னு பார்த்து மேல கீழ மாத்திட்டுக் கிளம்புங்க.