சீனக் காந்தம் இல்லாமல் பம்பு மோட்டார்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் சின்னப் பட்டறை வைத்து, சோலார் பம்புக்கான பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் செய்கிறோம். ரோட்டரில், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியில், போடும் நியோடிமியம் காந்தம் முழுக்கச் சீனச் சரக்கு. அமெரிக்காவோடு வரிச்சண்டை முற்றியதும், 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சண்டை அவர்களுக்குள், அடி நமக்கு. சூடு தாங்குவதற்காக டிஸ்ப்ரோசியம் சேர்த்த காந்தம்தான் எங்களுக்கு வேண்டியது. மணவாளக்குறிச்சி மணலில் அரிய மண் தனிமங்கள் உள்ள மோனசைட் தாது கிடக்க, காந்தத்துக்கு வெளிநாட்டிடம் கையேந்தி நிற்பது மனசு ஆறவில்லை.

சரி, அரிய மண் கலக்காத, இரும்பு ஆக்சைடால் ஆன ஃபெர்ரைட் காந்தத்துக்கு மாறலாம் என்று பார்த்தால், காந்தப்புல வலிமையில் நியோடிமியம் சுமார் 1.2 டெஸ்லா தருகிற இடத்தில் அது 0.4தான் தருகிறது. அதை ஈடுகட்ட ரோட்டர் பெருத்தால் போர்வெல் குழாய்க்குள் இறங்காது. சக்கர ஆரக்கால் போலக் காந்தங்களை அடுக்கும் ஸ்போக் வகை ரோட்டரில் நீளத்தைக் கூட்டிச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காந்தமே இல்லாத சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார் செய்தவர்கள் இருந்தால், அதை ஓட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியான டிரைவுக்கு என்ன செய்தீர்கள்? அப்புறம், ஃபெர்ரைட் துண்டுகளைக் கொஞ்ச எண்ணிக்கையிலும் இங்கேயே செய்து தருபவர்களைத் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். ரோட்டர் வரைபடம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.