ஜெபக்கூட்டத்தில் தாக்குதல்: போலீசில் புகார் கொடுப்பது விசுவாசக் குறைவா?

ஒலிவக்கிளை:
வீட்டு ஜெபத்துக்குள் ஆட்கள் புகுந்து வேதபுத்தகத்தைக் கிழித்தால் உடனே ஸ்டேஷனுக்குப் போகச் சொல்கிறார்கள். “பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்” என்று கர்த்தர் சொல்லியிருக்க (ரோமர் 12:19), வழக்கு எதற்கு? இயேசு வையப்பட்டபோது பதில் வையாமல், நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் (1 பேதுரு 2:23).

பெரேயா:
பிரதர், ஆறு வசனம் தள்ளிப் படியுங்கள். ரோமர் 13:4 அதிகாரியைத் தேவஊழியக்காரன் என்கிறது. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் வேலையைத் தேவன் அவனிடம் கொடுத்திருக்கிறார். பிலிப்பியில் பவுலை அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று நின்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். இயேசுவும் தம்மை அறைந்த சேவகனிடம் “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார் (யோவான் 18:23).

ஒலிவக்கிளை:
பவுல் தன் உயிரைக் காக்க அபயமிட்டார், அடித்தவர்கள்மேல் வழக்குப் போடவில்லை. தனக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் கர்த்தரிடமே விட்டுவிட்டார் (2 தீமோத்தேயு 4:14). ஒடிசாவில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் 10, 6 வயது மகன்களையும் வண்டியோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டதாக அறிவித்து, தொழுநோயாளிகள் நடுவே ஊழியத்தைத் தொடர்ந்தார். வழக்கு என்ன ஆனது? 2003-இல் 13 பேருக்குத் தண்டனை, 2005-இல் உயர் நீதிமன்றம் 11 பேரை விடுவித்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. இந்த நீதியையா நம்பச் சொல்கிறீர்கள்?

பெரேயா:
முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனை நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளாடிஸின் மன்னிப்பு அந்த வழக்கைத் தடுக்கவில்லை, வழக்கும் அந்த மன்னிப்பைக் கெடுக்கவில்லை. கொலை என்றால் போலீஸ் தானே வழக்குப் பதியும். ஜெபத்தைக் கலைத்தால், யாராவது வாய் திறந்தால்தான் உண்டு. பேசாமல் இருந்தால் அடுத்த தெருவில் உள்ள ஜெப வீட்டுக்கும் அதே கும்பல் போகும்.

சாட்சிக்கல்:
இருவருக்கும் ஒரு வார்த்தை. மனுவை எழுதும் விதத்திலேயே அது பழியா, சாட்சியா என்று தெரிந்துவிடும். ‘ஒரு கும்பல் வந்தது’ என்று மொத்தமாக எழுதினால் வழக்கு நீதிமன்றத்தில் கரைந்துவிடும். யார் கதவைத் தள்ளினார், யார் எதைக் கிழித்தார், எத்தனை மணிக்கு, கண்ணால் பார்த்தவர் யார் என்று ஆள்வாரியாக எழுதுங்கள். பார்க்காததைச் சேர்க்காதீர்கள். கோபத்தில் சேர்க்கும் ஒரு பொய்ப் பெயர் மொத்த மனுவையும் கெடுக்கும், ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்ற ஒன்பதாம் கற்பனையையும் மீறும்.

மத வழிபாட்டைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் வரும் குற்றம். கைது செய்யத்தக்க குற்றம் என்பதால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், நகல் இலவசம். வெறும் மனு ரசீதோடு அனுப்பினால், அதே மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். காயம்பட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நாள் தள்ளினால், காயம் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். வீடியோ எடுத்த போனில் மூலப்பதிவை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி சுருங்கிப்போயிருக்கும். நீதிமன்றத்துக்கு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் (சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-ஆம் பிரிவு) வேண்டும்.

ஒலிவக்கிளை:
சட்டம் சரி, ஐயா. ஆனால் மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள உத்தரப்பிரதேசம் மாதிரி மாநிலத்தில், புகார் கொடுத்தவர்மேலேயே எதிர்ப்புகார் வரும். பாஸ்டருக்கு வக்கீல் கிடைப்பார். சாட்சி சொல்லப்போகும் கூலிக்காரருக்கு யார் இருக்கிறார்?

சாட்சிக்கல்:
நியாயமான பயம். அதனால்தான் சபை மூப்பர்கள் தனியாக முடிவெடுக்கக் கூடாது. சாட்சியாகப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சம்மதித்தால், வாய்தாவுக்குப் போகும் நாட்களின் கூலியைச் சபைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலுக்கும் அன்றே மனு போட்டுவிடுங்கள்.

ஒலிவக்கிளை:
அந்தக் கூலியைக் கொடுக்க முன்வராத சபை புகாரும் கொடுக்கக் கூடாது என்பேன்.

பெரேயா:
அதில் உங்களோடு நிற்கிறேன், பிரதர்.